அரிசிக்குள் வைத்த வலம்புரி

சென்ற மாதம் பொன்ராஜ் வீட்டுக்கு வந்திருந்தான். கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனியில் நான் ஓய்வு பெறுவதற்கு முன் என்னிடம் வேலை பழகியவன். இன்று அங்கேயே ஆள் எடுக்கும் அதிகாரி. கையில் சைக்ளோஸ்டைல் செய்த தாள் ஒன்று வைத்திருந்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் நேர்மையை அளந்து பார்க்க மேலிடம் அனுப்பியதாம். நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம்.

“சார், நீங்க ஒருக்க நிரப்பிப் பாருங்க. உங்களுக்கு எவ்வளவு மார்க் வருதுன்னு பார்ப்போம்” என்றான்.

எனக்கும் பொழுது போகவேண்டுமே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு கேள்விகள் கடகடவென்று போயின. ஏழாவதில் பேனா நின்றது. ‘உடன் வேலை செய்பவர் தவறு செய்வதைக் கண்டால் மேலதிகாரியிடம் உடனே தெரிவிப்பீர்களா?’

“ஆம்னு போடுங்க சார். அதுதான் சரியான விடை.”

“அதுதான் சரியான விடைன்னா, எனக்குத் தெரிஞ்ச ஆட்கள்லயே ரொம்ப யோக்கியமானவன் உன் பரீட்சையில பெயிலாயிருவான்ல” என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்த ஆள் யார், அவன் ஏன் தோற்பான் என்று பொன்ராஜிடம் வாயால் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். பர்மா அரிசி நின்றுபோய், ரேஷன் கடை வாசலில் ஊரே நின்ற காலம். எனக்கு இருபத்துமூன்று வயது. உடன்குடியில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு, இங்கிலீஷ் கொஞ்சம் பேச வரும் என்ற ஒரே தகுதியோடு தூத்துக்குடிக்கு வந்தேன். சங்கு குளிக்கும் குத்தகைக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். அது போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. முதல் மாதம் முழுவதும் நான் கற்றுக்கொண்டது வாந்தி எடுக்காமல் இருப்பது ஒன்றைத்தான். சதையோடு வரும் சங்கைக் குழியில் போட்டு மண்மூடி, அழுகவிட்டுத்தான் பிறகு கழுவி எடுப்பார்கள். அந்த வாடை சட்டையில் ஏறினால் வண்ணானுக்கும் போகாது. ஊருக்குப் போனால் அம்மா என்னைக் கிணற்றடியில் நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவாள்.

வேலை மத்தியானத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும். காலையில் போன வள்ளங்கள் இரண்டு மணிக்கு மேல் கரைக்குத் திரும்பும். கடலில் முங்கிச் சங்கெடுக்கும் குளியாட்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, உடம்பில் உப்பு பூத்திருக்க, கொட்டிலுக்கு வருவார்கள். என் முன்னால் வட்டமாகத் துளை போட்ட பலகை ஒன்று இருக்கும். ஒவ்வொரு சங்காக அதில் விட்டுப் பார்க்கவேண்டும். துளைக்குள் நுழைந்து விழுந்தால் குஞ்சு. அதைத் திரும்பக் கடலில் கொண்டு விட்டுவிடவேண்டும். நுழையாமல் நின்றால் எடுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் இன்னொன்றும் உண்டு. வால் மேலே, வாய் நம்மைப் பார்த்து இருக்கும்படி சங்கைப் பிடிக்கவேண்டும். வாய் இடது பக்கம் திறந்தால் சாதாரணச் சங்கு. வலது பக்கம் திறந்தால் வலம்புரி. ஆயிரம் பதினாயிரம் சங்கைப் பார்த்தவர்களும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்கவேண்டும் என்பது துரையின் உத்தரவு.

துரை ஸ்காட்லாந்துக்காரர். எலும்பும் தோலுமாக நெட்டையாக இருப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. போட்டிருந்தால் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன். யாரையாவது விசாரிக்கவேண்டும் என்றால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். ஒரே ஒரு கேள்வி கேட்பார். பிறகு பேசாமல் அந்த ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். குற்றமுள்ளவன் முகம் தானாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கட்சி. “எங்கள் ஊரில் பொய் சொன்னால் காது சிவந்துவிடும்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். எங்கள் ஊர்க் காதுகள் வெயிலில் வெந்து எந்த நிறம் என்று தெரியாமல் கிடக்கின்றன என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. காலி பெயிண்ட் டின் ஒன்றைக் கேட்காமல் வீட்டுக்கு எடுத்துப் போன குமாஸ்தாவை அவர் அன்றைக்கே அனுப்பிவிட்டார். அந்தக் குமாஸ்தாவின் இடத்துக்குத்தான் நான் வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சூசை என்ற குளியாளின் கூடையில் வலம்புரி வந்தது.

சூசை பரதவர். பெரிய மாதா கோவிலுக்குப் பின்னால் வீடு. முப்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னக் குருசு. பேச்சு குறைவு. கூடையின் அடியிலிருந்து அதை எடுத்து என் கையில் கொடுத்து, “இது வேற மாதிரி கெடக்கு கணக்கப்பிள்ளை, பாரும்” என்றான், ஏதோ பழுதான சங்கைக் கொடுப்பதுபோல. நான் திருப்பிப் பார்த்தேன். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எங்கள் வீட்டில் அது சங்கு இல்லை, சாட்சாத் லட்சுமி. பார்ப்பதற்கே கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்பார்கள்.

துரைக்கும் சந்தோஷம்தான். அவரே அளந்து, சூசையின் பெயரோடு பதிவேட்டில் எழுதினார். துறைமுகத்தில் ஒரு கப்பல் கேப்டன் அவருக்குச் சினேகிதர். அவரை அழைத்துவந்து காட்டவேண்டும் என்று உடனே புறப்பட்டார். சங்கிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. மேசையிலிருந்த காகிதம் நனையக்கூடாதென்று அறைமூலையில் ஒரு சாக்கை விரித்து, தரையில் அதை வைத்துவிட்டுப் போனார். பக்கத்தில் அவருடைய பழைய தோல் ஜோடு. அவர் மேல் குற்றமில்லை. நீர் வடிகிற பொருளை எங்கே வைப்பார்கள்? ஆனால் வெளியே என் இடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லட்சுமி தரையில் கிடக்கிறாள். ஜோட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறாள். ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் பாவம். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன்.

வலம்புரியைத் தரையில் வைக்கக்கூடாது, பச்சரிசியில்தான் வைக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அரிசிக்கு எங்கே போவது? சரக்கு வைக்கும் கிட்டங்கியில் இருந்தது. குளியாட்களுக்குச் சனிக்கிழமை தோறும் படி அரிசி அளப்பார்கள். அதற்காக ஒரு பெரிய மரப்பெட்டி நிறைய பச்சரிசி உண்டு. சாவி காயல்பட்டினத்துக்காரரான மரைக்காயரிடம் இருக்கும். அண்ணன் என்கிற முறையில் நாங்கள் எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். சாயங்கால அஸர் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம் போய், “காக்கா, ரெண்டு சாக்கு எடுக்கணும், சாவி தாரும்” என்றேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அமானிதமா வச்சிக்கிடும், இப்ப வந்திருவேன்” என்று என் கையில் போட்டுவிட்டுப் போனார். நம்பி ஒப்படைக்கிற பொருளை அவர்கள் அமானிதம் என்பார்கள்.

சங்கை நல்ல தண்ணீரில் கழுவினேன். என் புதுத் துண்டில் சுற்றினேன். அறையை விட்டு வெளியே வந்தபோது நடையில் சூசை நின்றுகொண்டிருந்தான். பிள்ளைக்கு ஞானஸ்நானம், திங்கட்கிழமை லீவு வேண்டும் என்று துரையிடம் கேட்க வந்தவன். என் கையைப் பார்த்தான். நான் வேகமாக நடந்துவிட்டேன். பெட்டியில் அரிசிக்குள் கையை முழங்கை வரை விட்டுச் சங்கைப் பதித்துவைத்தபோது எனக்கு மனசு நிறைந்திருந்தது. துரை வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இதை இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

துரை நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தார், கேப்டனோடு. சிரித்துப் பேசிக்கொண்டே அறைக்குள் போனார்கள். வெறும் சாக்கு கிடந்தது. சினேகிதர் முன்னால் துரையின் முகம் போன போக்கைப் பார்த்தேன். வெளியாள் எதிரில் எப்படிச் சொல்வது, அவர் போகட்டும் என்று ஒரு நிமிடம் சும்மா இருந்தேன். முதல் நிமிடம் சொல்லாததை இரண்டாவது நிமிடம் சொல்ல இரண்டு மடங்கு தைரியம் வேண்டியிருக்கிறது. மூன்றாவது நிமிடம் துரை என்னிடம் “நீ எங்கே இருந்தாய்?” என்று கேட்டார். “கொட்டிலில்” என்றேன். முடிந்தது. உடன்குடியில் எனக்குப் பெண் பார்த்து வெற்றிலை மாற்றியிருந்தார்கள். திருடன் என்று வேலையை விட்டு அனுப்பினால் ஊரில் எந்த முகத்தோடு இறங்குவேன் என்பதுதான் என் தலைக்குள் ஓடியது. காவல்காரர் சாட்சி சொன்னார்: “சூசை ஒருத்தந்தான் இங்கன வந்தான் துரை.”

சனிக்கிழமை காலை துரை சூசையைக் கூப்பிட்டார். கடிகாரம் மேசைக்கு வந்தது. துரைக்குக் கடைத்தெருத் தமிழ் கொஞ்சம் புரியும். விசாரணைக்கு அது போதாது. அதனால் எப்போதும் போல மொழிபெயர்ப்பதற்கு நான்.

நினைத்துப் பாருங்கள். எடுத்தவன் நான். எடுக்காதவனை விசாரிக்க, கேள்வியைத் தமிழில் கேட்பதும் நான்.

“நீ எடுத்தாயா என்று கேள்” என்றார் துரை.

கேட்டேன். “நான் எடுக்கல” என்றான் சூசை. என்னைப் பார்க்கவில்லை, துரையையும் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எடுத்தது யார் என்று தெரியுமா?”

கேட்டேன்.  சூசை சொன்னான்: “தெரியும். ஆனா நான் சொல்லமாட்டேன்.”

 துரையிடம் திரும்பி, “தனக்குத் தெரியாது என்கிறான்” என்றேன்.

துரை என்னை வெகுநேரம் பார்த்தார். “தெரியும் என்றான். அந்த வார்த்தை எனக்குத் தெரியும்” என்றார். நான் செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் இளகியது. “உனக்கு இளகிய மனசு. அவனைக் காப்பாற்றப் பார்க்கிறாய். அது நல்ல குணம்தான். ஆனால் இங்கே வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்.”

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அந்தப் பாராட்டு என்னைச் சுட்டது.

ஏன் சொல்லமாட்டான் என்று துரை கேட்கச் சொன்னார். சூசை குருசைத் தொட்டுக்கொண்டான். “என் பாவத்தை நான் சாமியார்கிட்டச் சொல்லுவேன். அடுத்தவன் பாவம் அடுத்தவன்தான் சொல்லணும். அதை நான் எடுத்துச் சொன்னா, அது எனக்குப் பாவம்.”

இந்த முறை வார்த்தை தவறாமல் இங்கிலீஷில் சொன்னேன். துரைக்கு அது சாக்குப்போக்காகப் பட்டது. அவர் வளர்ந்த வீட்டில் உண்மை தெரிந்தவன் வாய்மூடி இருந்தால் அவனும் கூட்டாளி. “வள்ளங்கள் கரைக்கு வரும்வரை அவனுக்கு நேரம். அதற்குள் சொல்லாவிட்டால் போலீஸ். அவனோ அவன் தம்பிகளோ இந்தக் கம்பெனி வள்ளத்தில் இனி கால் வைக்கமுடியாது” என்றார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

சூசை கரைக்குப் போய், அன்று கடலுக்குப் போகாத ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து, சங்கு போடும் வலைப்பையைப் பின்னத் தொடங்கினான். அரைமணி நேரத்துக்கு மேல் என்னால் இருக்கமுடியவில்லை. போய் எதிரில் நின்றேன்.

“நேத்து என்னையப் பார்த்தீல்லா?” என்றேன்.

“பார்த்தேன்.”

“பொறவு ஏன்டே சொல்லல? உனக்கு என்கிட்ட என்ன பயம்?”

“பயமெல்லாம் இல்ல கணக்கப்பிள்ளை.” முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினான். “நீரு என்ன செஞ்சீருன்னு பார்த்தேன். ஏன் செஞ்சீருன்னு எனக்குத் தெரியாது. பாதி தெரிஞ்சவன் எப்படிச் சொல்ல? மத்த பாதி உம்மகிட்டல்லா கெடக்கு.”

“போலீசுல விட்டுருவாருல்லா?”

“விட்டா விடட்டும். திங்கக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். அதுதான் வெசனம்.”

அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் நான் திரும்பத் திட்டியிருப்பேன், ஆளுக்கு ஆள் சரியாகப் போயிருக்கும். திட்டவில்லை.  அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இன்று சனிக்கிழமை. ஆட்கள் கரைக்கு வந்ததும் காக்கா பெட்டியைத் திறந்து அரிசி அளப்பார். சங்கு அவர் படியில் இடிக்கும். பிறகு கடிகாரத்துக்கு முன்னால் நிற்கப்போவது அந்தப் பெரிய மனிதர். ஒருவனை மாட்டிவிட்டது போதாதா?

ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். காக்கா கிட்டங்கியைத் திறந்துவைத்துப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்முன்னாலேயே பெட்டிக்குள் கையை விட்டுச் சங்கை எடுத்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் துரையின் அறைக்குள் நுழைந்து, மேசைமேல் வைத்துவிட்டேன். பச்சரிசி பத்திருபது மணி காகிதங்களில் சிதறியது.

“நான்தான்” என்றேன். பிறகு ஜோடு, சாக்கு, லட்சுமி, அரிசி எல்லாவற்றையும் சொன்னேன். என் இங்கிலீஷ் அன்றைக்கு எந்த இலக்கணத்துக்கும் அடங்கவில்லை.

துரை மூலையைத் திரும்பிப் பார்த்தார். ஜோடு இன்னும் அங்கேயேதான் இருந்தது. அதை இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். “சங்கை எடுத்தது முட்டாள்தனம். அதை மன்னித்துவிடலாம். சூசையை நேற்றிலிருந்து திருடனாக நிற்கவைத்தாயே, அதற்கு என்ன பெயர்?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்த எல்லாப் பெயரும் அசிங்கமாக இருந்தது. துரை கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். “நீயாக வந்து சொன்னாய். இது உனக்கும் எனக்கும் நடுவில் முடிந்தது. சங்கு இடம் மாறி இருந்தது, கிடைத்துவிட்டது என்று வெளியில் சொல்கிறேன். வேலையைப் பார்.”

வேலை தப்பியது. மானம் தப்பியது. பெருமூச்சு வரவேண்டுமல்லவா? வரவில்லை. வாசல்வரை போனவன் திரும்பி வந்தேன்.

“துரை, நான் கரையில் சொல்லவேண்டும். எல்லோர் முன்னாலும்.”

அவருக்குப் புரியவே இல்லை. அவருடைய ஊரில் தப்பை ஒத்துக்கொள்வது கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியம். கூட்டத்தில் நிறுத்துவது கொடுமை. எங்கள் ஊரில் நாலு பேர் பார்க்கக் கெட்ட பெயரை நாலு பேர் பார்க்கத்தான் துடைக்கவேண்டும். சங்கு கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னால், சூசை பயந்துபோய்த் திரும்ப வைத்துவிட்டான் என்றுதான் கரை முழுக்கப் பேசும். இதைத் திக்கித் திணறிச் சொன்னேன். “உன் இஷ்டம். ஆனால் நான் உத்தரவு போடவில்லை” என்றார்.

வள்ளங்கள் வந்து சேர்ந்தன. ஆட்கள் கூடையோடு இறங்கினார்கள். ஒரு கவிழ்த்த தோணிமேல் ஏறி நின்றேன்.  “வலம்புரியை எடுத்தது சூசை இல்ல. நாந்தான் எடுத்தேன். தரையில ஜோட்டுக்குப் பக்கத்துல கெடக்குதேன்னு அரிசிப் பெட்டிக்குள்ள வச்சேன். பயந்துக்கிட்டுச் சொல்லாம இருந்தேன். அவன் என்னையப் பார்த்திருந்தும் காட்டிக்கொடுக்கல” என்றேன்.

  வயசான குளியாள் ஒருவர், மணப்பாட்டுக்காரர், “அரிசிக்குள்ளயா வச்சீரு? நல்லவேளை வேய், ஒலை கொதிக்கயில கொண்டு போடாம இருந்தீரே!” என்றார். ஒருவர் சிரித்தார். அப்புறம் கரையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. தோணியை விட்டு இறங்கியபோது கண் கலங்கியிருந்ததை மறைக்கவும் இல்லை.

சூசை வலைப்பையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். “மத்த பாதியும் இப்பத் தெரிஞ்சிட்டு” என்றான். “ஜோடு பக்கத்துல கெடந்தா என்ன கணக்கப்பிள்ளை? கடல்ல சேத்துக்குள்ளதான கெடந்துச்சு?” அவனுக்கு என் லட்சுமி கடைசிவரை புரியவில்லை. எனக்கும் அவன் வாய்ப்பூட்டு முழுசாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். திங்கட்கிழமை ஞானஸ்நானத்துக்குக் கருப்பட்டிப் பொட்டலத்தோடு போனேன். பிள்ளையை என் மடியில் போட்டான்.

துரை ஒன்று செய்தார். மூடிபோட்ட தேக்குப்பெட்டி ஒன்று செய்யச் சொல்லி, அதில் அரிசி நிரப்பி மேசைமேல் வைத்தார். ‘வலம்புரி கிடைத்தால் இதில்தான் வைக்கவேண்டும்’ என்று உத்தரவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். காரணம் எழுதவில்லை. நான் அங்கே இருந்தவரை இன்னொரு வலம்புரி வரவில்லை. அரிசியை மட்டும் மாதாமாதம் மாற்றினோம்.

எல்லோரும் மன்னித்தாகிவிட்டது என்று நினைத்தேன். காக்கா இருந்தார். அன்றைக்கு அரிசி அளந்து முடித்தபிறகு என்னைக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: “துரைகிட்டச் சொல்லிட்டீரு. கரையில சொல்லிட்டீரு. என்கிட்டச் சாவி வாங்கும்போது என்ன சொன்னீரு?”

“சாக்கு எடுக்கணும்னு சொன்னேன் காக்கா.”

“எடுத்தீரா?”

“இல்ல” என்றேன். “அமானிதம்னு சொல்லித் தந்தேன்” என்றார்.  துரைக்குச் சூசையை நிற்கவைத்தது பெரிய தப்பு. சூசைக்கு எது தப்பு என்று நான் கேட்டதில்லை. அவன் அதை எப்போதோ விட்டுவிட்டான். காக்காவுக்கோ அந்த இரண்டு சாக்கு. எனக்கு அதுவரை நினைவிலேயே இல்லாத பொய் அது. அன்றிலிருந்து அவர் தொழப் போகும்போது கிட்டங்கியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, என் மேசையைத் தாண்டித்தான் போவார். சலாம் சொல்வார், சாப்பிட்டீரா என்று கேட்பார். சாவி மட்டும் வராது. நானும் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல வேய்” என்று போய்விடுவார்.

ஏழாவது கேள்விக்கு நான் எந்தக் கட்டத்திலும் குறிபோடவில்லை. பொன்ராஜ் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனான். கோபமில்லை என்று நினைக்கிறேன்.

யுத்த காலத்து அந்த வருடம், சங்குக் காலம் முடியப்போகிற சமயம். ஒரு நாள் அஸருக்குக் காக்கா கிளம்பினார். நான் துளைப்பலகையோடு தலையைக் குனிந்து வேலையாக இருந்தேன். என் முன்னால் ‘டங்’ என்று ஏதோ விழுந்தது. பார்த்தால் கிட்டங்கிச் சாவி.

“வச்சிக்கிடும், இப்ப வந்திருவேன்” என்று சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் அவர் நடந்துகொண்டிருந்தார். அவர் வரும்வரை அந்தச் சாவியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.